இடிந்த மடத்தில் முதலில் முற்றத்தைத் தேடுங்கள்: கிளாய்ஸ்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஐரோப்பாவில் இடிந்து கிடக்கும் இடைக்கால மடம் ஒன்றுக்குள் முதன்முறை நுழைபவர், தேவாலயத்தின் உயரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் குட்டிச்சுவர் என்று திரும்பிவிடுவதுதான் வழக்கம். அந்தக் குட்டிச்சுவர்களுக்கு நடுவே வெறும் சதுரமாக ஒரு புல்தரை இருக்கும். மடத்தைப் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். அந்தச் சதுரத்தையும் அதைச் சுற்றியிருந்த தாழ்வாரங்களையும் சேர்த்துக் கிளாய்ஸ்டர் என்பார்கள். எந்த அறை எங்கே இருந்தது, தண்ணீர் எப்படி வந்தது, யாருக்கு எந்த வாசல் என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தால் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

அமைப்பு எளிது. தொட்டிக்கட்டு வீட்டில் வானம் பார்த்த முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம் ஓடுவதுபோல, இதிலும் ஓடும். முற்றத்தின் ஓரத்தில் இடுப்புக்குக் கீழான கட்டைச்சுவர். அதன்மேல் ஒல்லியான தூண்கள், பல இடங்களில் இரண்டிரண்டாக. தூண்களை இணைக்கும் சிறு வளைவுகள். அந்தத் தூண்வரிசைக்கும் பின்னாலுள்ள கட்டடத்தின் சுவருக்கும் இடையே ஒரு சாய்கூரை. பிற்காலத்தில் வசதியான மடங்கள் மரக்கூரையை எடுத்துவிட்டுக் கல்லால் வளைகூரை போட்டன. பிறகு வளைவுகளுக்குக் கண்ணாடியும் மாட்டின.

இதை அழகுக்காகக் கட்டிய பூங்காவாக நினைப்பது பொதுவான தவறு. மழையும் பனியும் உள்ள நாட்டில், ஒரு நாளைக்குப் பலமுறை தேவாலயத்துக்கும் உணவுக்கும் படுக்கைக்கும் நடப்பவர்களுக்கு அது நனையாமல் போக ஒரு வழி. அதோடு படிக்க, எழுத, புதியவர்களுக்குப் பாடம் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை பவனி வர இடமும் அதுவே. கூடத்துக்கும் பள்ளிக்கும் நடைபாதைக்கும் ஒரே கூரை.

திட்டம் எங்கிருந்து வந்தது

மேற்கு ஐரோப்பிய மடங்களில் பெரும்பாலானவை, 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசினோவில் புனித பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் அதே புனிதர்) எழுதிய 73 அதிகாரங்கள் கொண்ட ஒழுங்கைப் பின்பற்றின. அந்த ஒழுங்கில் கிளாய்ஸ்டரின் வரைபடம் கிடையாது. ஆனால் 66ஆம் அதிகாரம் தண்ணீர், மாவாலை, தோட்டம் எல்லாம் மடத்துக்குள்ளேயே இருக்கவேண்டும், துறவிகள் வெளியே அலையத் தேவை வரக்கூடாது என்கிறது. வெளியே போகக்கூடாது என்றானபின் உள்ளே நடக்க ஓர் இடம் வேண்டுமல்லவா.

முழுமையான முதல் வரைபடம் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நூலகத்தில் இருக்கிறது. 820களில் ரைஷனவ் மடத்தில் வரைந்து, செயின்ட் காலன் மடாதிபதி கோஸ்பெர்ட்டுக்கு அனுப்பப்பட்டது. ஐந்து தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது. நீளம் 112 செ.மீ., அகலம் 77.5 செ.மீ. அதில் வரைந்தபடி மடம் எங்கும் கட்டப்படவில்லை. ஆனாலும் தேவாலயத்தின் தெற்கே சதுர முற்றம், கிழக்குக் கட்டின் (அந்தப் பக்கக் கட்டட வரிசையின்) கீழ்த்தளத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காயும் கணப்பறை, மேலே படுக்கைக்கூடம், தெற்குக் கட்டில் உணவுக்கூடம், மேற்குக் கட்டில் கிடங்கு என்ற வரிசை அப்போதே முடிவாகிவிட்டது. அடுத்த எழுநூறு ஆண்டுக்கு ஸ்காட்லாந்திலும் சிசிலியிலும் ஏறக்குறைய அதே வரிசைதான். ஒன்றே ஒன்று அதில் இல்லை: பேரவை கூடத் தனிக்கூடம். தேவாலயத்தை ஒட்டிய தாழ்வாரத்திலேயே கூடுவதாக அதில் குறிப்பு இருக்கிறது.

முற்றம் ஏன் தெற்கே? தேவாலயம்தான் மடத்தில் மிக உயரமான கட்டடம். வட ஐரோப்பாவில் வெயில் தெற்கிலிருந்து சாய்வாக விழும். முற்றம் வடக்கே இருந்தால் குளிர்காலம் முழுக்க நிழலில் கிடக்கும். தெற்கே இருந்தால் அதே உயரமான சுவர் வடகாற்றைத் தடுத்து வெயிலையும் வாங்கித்தரும். ஆகவே தேவாலயத்தை ஒட்டிய தாழ்வாரம்தான் மடத்திலேயே இதமான இடம், படிப்புக்கு ஒதுக்கப்பட்டதும் அதுவே. விதிவிலக்குகளும் உண்டு. வேல்ஸின் டின்டர்ன், பிரான்சின் லு தொரொனே, இங்கிலாந்தின் கேன்டர்பரி, குளோஸ்டர் ஆகியவற்றில் முற்றம் வடக்கே. டின்டர்னில் வை ஆறு அந்தப் பக்கம் இருந்தது. வெயிலா வடிகாலா என்று வந்தால் வடிகால்தான் வெல்லும்.

ஃபவுண்டன்ஸ் மடத்தில் ஒரு சுற்று

படிக்கப் பழக மிகப் பொருத்தமான இடம் இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயரில் ரிப்பன் நகருக்கு அருகிலுள்ள ஃபவுண்டன்ஸ். யார்க் நகரின் புனித மரியா மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டது என்று சண்டையிட்டு வெளியேறிய 13 துறவிகளுக்குப் பேராயர் தர்ஸ்டன் 1132 டிசம்பரில் ஸ்கெல் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தார். அவர்கள் கிளேர்வோ மடாதிபதி பெர்னார்டுக்கு எழுதி, பெனடிக்ட் எழுதிய ஒழுங்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த சிஸ்டர்சியன் சபையில் சேர்ந்தார்கள். 1146-47 வாக்கில், யார்க் பேராயர் தேர்தல் தகராறில் எதிர்த்தரப்பினர் வந்து மடத்துக்குத் தீ வைத்தனர். இன்று நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பின்னால் கட்டியது. பிறகு ஆட்டு ரோமத்தால் நாட்டின் பணக்கார மடங்களில் ஒன்றானது. மதில் மட்டும் 11 அடி உயரத்தில் 70 ஏக்கரை வளைத்திருந்தது.

இப்போது சுற்றிப் பார்க்கலாம். பலிபீடம் கிழக்கே, நுழைவாயில் மேற்கே என்பதால் தேவாலயத்தை வைத்துத் திசை கண்டுபிடிப்பது எளிது. சிலுவை வடிவத் தேவாலயத்தின் தெற்குக் கைக்கும் நீண்ட நடுக்கூடத்துக்கும் இடையே விழும் மூலையில்தான் முற்றம், ஒரு பக்கம் சுமார் 125 அடி. அங்கே நின்று கிழக்குச் சுவரைப் பாருங்கள். அருகருகே மூன்று பெரிய வளைவுகள் தெரியும். அதுதான் மன்றக்கூடம், துறவிகளின் பேரவை கூடிய அறை. அடுத்தடுத்து மூன்று வளைவு, நடுவில் வாசல் என்று எந்த இடிந்த மடத்தில் பார்த்தாலும் மன்றக்கூடம் என்றே முதலில் எண்ணலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். நாள்தோறும் ஒழுங்கின் ஓர் அதிகாரத்தை அங்கே வாசித்தார்கள், குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள், தண்டனை பெற்றார்கள், குத்தகையும் கடனும் பேசினார்கள். ஃபவுண்டன்ஸ் மடாதிபதிகள் பலர் அந்தத் தரைக்குக் கீழேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அதன் மேலே, கிழக்குக் கட்டின் நீளம் முழுக்க, துறவிகளின் படுக்கைக்கூடம். தரை இப்போது இல்லை. மாடி இருந்ததை எப்படி அறிவது? சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாக ஓட்டைகள் இருந்தால் அவை தரை உத்தரங்கள் செருகியவை. வளைகூரையின் விலாக்கள் முளைத்து முறிந்த கற்கள் இருந்தால் தரை கல்லால் ஆனது. ஆள் உயரத்துக்கு மேலே அந்தரத்தில் ஒரு வாசலோ அடுப்போ தொங்கினால் அங்கே ஒரு தளம் இருந்தது உறுதி. தேவாலயத்தின் தெற்குக் கைச் சுவரில் உயரத்தில் ஒரு வாசல் தெரிந்தால் அது இராப்படியின் வாசல். நள்ளிரவுக்குப் பின் முதல் மன்றாட்டுக்கு எழுபவர்கள் குளிரில் வெளியே போகாமல் படுக்கையிலிருந்து நேரே தேவாலயத்துக்குள் இறங்குவார்கள். உடுத்தியபடியே தூங்க வேண்டும், விளக்கு விடிய விடிய எரிய வேண்டும் என்பது 22ஆம் அதிகாரத்தின் கட்டளை. ஏன் என்று இந்தப் படியைப் பார்த்தால் விளங்கும். இராப்படி முழுதாக நிற்பது அபூர்வம். நார்தம்பர்லேண்டின் ஹெக்சம் தேவாலயத்தில் 35 படிகளுடன் இன்னும் நிற்கிறது.

தெற்குக் கட்டுதான் வயிற்றுக்கும் உடம்புக்குமானது. கிழக்கு மூலையில் கணப்பறை. சமையற்கூடம், நோயாளர் விடுதி இரண்டையும் விட்டால் சாதாரணத் துறவி குளிர்காய அனுமதிக்கப்பட்ட ஒரே இடம். ஃபவுண்டன்ஸில் ஆள் நிமிர்ந்து நிற்குமளவு பெரிய அடுப்புகள் இரண்டு. காலணிக்குக் கொழுப்புத் தேய்ப்பதும், ஆண்டுக்கு நான்கு முறை மருத்துவத்துக்காக இரத்தம் இறக்குவதும் இந்த அறையில்தான். அதற்கு மேலேயுள்ள அறையில் நிலப் பத்திரங்களை வைத்தார்கள். கீழே எரியும் அடுப்பு தோல் ஆவணங்களை ஈரமில்லாமல் காக்கும். மடத்தின் சொத்து முழுவதும் அந்த ஆவணங்களில்தான் இருந்தது என்பதால் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

நடுவில் உணவுக்கூடம். பழைய பெனடிக்டின் சபை மடங்களில் இது தாழ்வாரத்துக்கு இணையாகக் கிழக்கு-மேற்காகக் கிடக்கும். சிஸ்டர்சியன்கள் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதைத் திருப்பி, தெற்கு நோக்கி நீட்டினார்கள். அப்படிச் செய்ததால் கூடத்தை வேண்டிய நீளத்துக்குக் கட்ட முடிந்தது, ஒரு பக்கம் கணப்பறையும் மறுபக்கம் சமையற்கூடமும் முற்றத்தைத் தொட்டு அமைய இடமும் கிடைத்தது. கூடம் தாழ்வாரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதென்றால் அது சிஸ்டர்சியன் மடமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். மேற்குச் சுவரின் கனத்துக்குள் ஒரு சிறு படிக்கட்டு ஏறும். சாப்பிடும் நேரத்தில் ஒருவர் மேலே நின்று வாசிப்பார், மற்றவர்கள் பேசக்கூடாது, உப்பு வேண்டுமானால் சைகை.

உணவுக்கூட வாசலுக்கு இருபுறமும் சுவரில் வளைவுகள், அவற்றின் கீழே நீளத் தொட்டி இருந்த தடம். சாப்பாட்டுக்கு முன் கைகழுவும் இடம் அது. ஈயக்குழாயில் தண்ணீர் வந்தது. லு தொரொனேயில் இதற்கென முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டு அறுகோணத்தில் ஒரு தனிக் கல்மண்டபமே கட்டியிருக்கிறார்கள். கேன்டர்பரியில் 1160களில் வைபர்ட் என்ற தலைவர் அமைத்த குழாய்த் திட்டத்தின் வரைபடம் இன்றும் இருக்கிறது. ஊற்றிலிருந்து வரும் நீர் வண்டல் தொட்டிகளில் தெளிந்து, கைகழுவும் இடங்களுக்கும் சமையற்கூடத்துக்கும் போய், கடைசியில் மீதி நீர் கழிப்பறைகளை அலசிக்கொண்டு வெளியேறும். சுத்தமான உபயோகம் முதலில், அசுத்தமானது கடைசியில். ஃபவுண்டன்ஸில் ஆறே அந்த வேலையைச் செய்தது. நோயாளர் விடுதியை ஸ்கெல்லின்மேல் கட்டிய வளைவுக் கால்வாய்களின் மீதே எழுப்பினார்கள். பொதுநிலைச் சகோதரர்களின் கழிப்பறையும் ஓடும் நீருக்கு மேலேதான்.

இந்தப் பொதுநிலைச் சகோதரர்களைத் தெரியாமல் மேற்குக் கட்டு புரியாது. இவர்களும் சபதம் எடுத்தவர்கள்தான். ஆனால் லத்தீன் மன்றாட்டுகள் இவர்களுக்குக் குறைவு, வயலும் ஆட்டுப்பட்டியும் பட்டறையும்தான் வாழ்க்கை. தேவாலயத்தில் மேற்குப் பாதி இவர்களுக்கு, கிழக்குப் பாதி துறவிகளுக்கு, நடுவே தடுப்பு. மேற்குக் கட்டின் மேல்தளம் இவர்கள் தூங்கிய கூடம். கீழ்த்தளம் கிடங்கும் இவர்களது உணவுக்கூடமும். ஏறக்குறைய 300 அடி நீளத்துக்கு ஒரே கவிகூரையாக ஓடும் அந்தக் கீழ்த்தளம் அப்படியே நிற்கிறது. இப்போது குறுக்குச்சுவர் இல்லாமல் ஒரே மண்டபமாகத் தெரிவதால் பலரும் ஏதோ பெரிய விழாக்கூடம் என்று மயங்குகிறார்கள். அன்று தடுப்புகள் இருந்தன, அது கம்பளியும் பண்டமும் சாப்பாட்டு மேசையும் பங்கிட்டுக்கொண்ட இடம். 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் இந்தச் சகோதரர்களின் எண்ணிக்கை சரிந்தது, நிலங்களைக் குத்தகைக்கு விட்டார்கள், மேற்குக் கட்டு அதன் பழைய பயனை இழந்தது.

எது போனது, எது நின்றது

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான மடங்களை மூடும் சட்டம் கொண்டுவந்தார். பெரியவற்றின் முறை அடுத்து வந்தது. ஃபவுண்டன்ஸின் கடைசி மடாதிபதி மார்மடியூக் பிராட்லி 1539 நவம்பர் 26 அன்று மடத்தை ஒப்படைத்து ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் பெற்றார். 1540இல் லண்டன் வணிகர் ரிச்சர்ட் கிரெஷம் அதை வாங்கினார்.

மடத்தை இடித்தவர்கள் கோபத்தில் இடிக்கவில்லை, கணக்குப் பார்த்து இடித்தார்கள். முதலில் கூரையின் ஈயம். கூரை மரத்தையே விறகாக்கி அங்கேயே உருக்கிக் கட்டிகளாக வார்த்தார்கள். அரண்மனைக் கணக்கில் அதற்குத்தான் விலை. பக்கத்து ரீவோ மடத்தில் அப்படி முத்திரையிட்டு வார்த்த கட்டிகள் இடிபாட்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டு 1920களில்தான் வெளியே வந்தன. யார்க் பேராலயத்தின் ‘ஐந்து சகோதரிகள்’ கண்ணாடிச் சாளரத்தைச் செப்பனிட அந்த ஈயம் பயன்பட்டது. ஈயத்துக்குப் பின் மணிகள், கண்ணாடி, மரம். கல் கடைசியில்தான், அதுவும் பக்கத்தில் யாராவது வீடு கட்டினால். ஸ்டீபன் புரோக்டர் 1600ஐ ஒட்டி மடத்தின் வாசலருகே தனக்கு மாளிகை கட்டியபோது இந்தக் கல்லை எடுத்துக்கொண்டார்.

இந்த வரிசையில் தாழ்வாரத் தூண்கள் முதல் பலி. காரணம் பொறியியல்தான். சாய்கூரை பிரிந்ததும் ஒல்லியான தூண்வரிசை எதிலும் சாயாமல் தனியாக நிற்கிறது. ஒரு தூண் சரிந்தால் வளைவு திறந்து அடுத்ததைத் தள்ளும். கற்களும் சிறியவை, இரண்டு பேர் தூக்கிவிடலாம். நன்றாக இழைத்தவை, வேறெங்கும் வைக்கலாம். மேற்குக் கட்டின் கிடங்கோ இதற்கு நேர்மாறு. கனத்த சுவர், தாழ்ந்த கவிகூரை, பிரித்தால் கூலிக்குக் கட்டாத கல். அத்துடன் மாட்டுக்கும் வைக்கோலுக்கும் பயன்படும். அதனால்தான் ஃபவுண்டன்ஸில் நாலு கட்டும் நிற்க, நடுவிலிருந்த கிளாய்ஸ்டர் மட்டும் அடித்தளமாகக் கிடக்கிறது.

இல்லாத தாழ்வாரத்தையும் அளக்கலாம். கட்டடச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கல்தாங்கிகளைத் தேடுங்கள். கூரையின் உத்தரம் அவற்றின்மேல்தான் உட்கார்ந்தது. அதற்குச் சற்று மேலே சுவர் முழுக்க ஓடும் மெல்லிய கல்விளிம்பு, சுவரில் வழியும் மழைநீர் கூரைச் சந்துக்குள் இறங்காமல் தள்ளிவிட வைத்தது. இந்த இரண்டையும் தரையில் தெரியும் கட்டைச்சுவரின் அடித்தளத்தையும் கண்ணால் இணைத்தால் கூரையின் சரிவும் தாழ்வாரத்தின் அகலமும் கிடைத்துவிடும்.

புல்தரையை மட்டும் நம்பாதீர்கள். 1767இல் இடத்தை வாங்கிய வில்லியம் ஐலபி, பக்கத்து ஸ்டட்லி ராயல் தோட்டத்தின் காட்சிப்பொருளாக இடிபாட்டைச் சேர்த்து, கற்குவியல்களை அள்ளிச் சமப்படுத்தினார். இயற்கை அழகைப் பற்றி எழுதிய வில்லியம் கில்பின் அந்தக் காலத்திலேயே இதைக் கண்டித்தார். அள்ளிக் கொட்டியதில் எவ்வளவு செதுக்கல் இருந்திருக்கும் என்று எண்ணினால் கில்பின் பக்கமே நியாயம் இருக்கிறது. முறையான ஆய்வு 19ஆம் நூற்றாண்டில் வால்பிரன், செயின்ட் ஜான் ஹோப் ஆகியோரால் தொடங்கியது. மண்ணைத் தோண்டாமல் கருவிகளால் நடத்திய ஆய்வில், ஸ்கெல் கரையில் 32 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்ட தோல் பதனிடும் தொழிற்கூடம் ஒன்று தெரியவந்ததாக 2021இல் அறிவித்தார்கள். அமைதியான மடம் என்ற படத்தில் தோல் நாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போதுள்ள ஆபத்து தண்ணீர். இந்தச் சுவர்கள் இருபுறமும் செதுக்குக்கல், நடுவே சில்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பியவை. மேலே கூரை இல்லாததால் மழை உச்சியிலிருந்து நடுவே இறங்கும், உறைந்தால் விரிந்து முகக்கல்லை வெளியே தள்ளும். முன்பு பல இடங்களில் விரிசலைச் சிமென்டால் அடைத்தார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது, அது கல்வழியே வெளியேறி, கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. இப்போது சுண்ணாம்புச் சாந்துக்கே திரும்பிவிட்டார்கள். சில இடங்களில் சுவர் உச்சியில் மண்ணும் புல்லும் பரப்பி மழையை உறிஞ்சவிடுகிறார்கள்.

தூண்கள் நிற்கும் இடங்கள்

தூண்வரிசை உள்ள கிளாய்ஸ்டரைப் பார்க்க வேண்டுமானால் தென்பிரான்சின் மொய்சாக் போகலாம். 1100இல் முடித்ததாகக் கல்வெட்டே இருக்கிறது. 76 தூண்தலைகள், பலவற்றில் விவிலியக் கதைகள். 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை மடத்தின் உணவுக்கூடத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்திலேயே போனது, முற்றம் தப்பியது. குரங்கும் சிங்கமும் பாதி மனித உருவும் செதுக்கிய இத்தகைய தூண்தலைகளைத்தான், படிக்க வந்தவன் புத்தகத்தை விட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று கிளேர்வோ பெர்னார்ட் 1120களில் சாடினார். சிஸ்டர்சியன் தூண்கள் மொட்டையாக இருப்பதற்கு அந்த எண்ணமும் ஒரு காரணம். குளோஸ்டர் மடம் 1541இல் பேராலயமாக்கப்பட்டதால் பிழைத்தது. விசிறிபோல் விரியும் வளைகூரையும், தெற்குத் தாழ்வாரத்தில் துறவிகள் உட்கார்ந்து படித்த 20 சிறு தடுப்பறைகளும், வடக்கே கைகழுவும் தொட்டியும் அங்கே முழுதாக உள்ளன.

பிரெனே மலையடிவாரக் குக்சா மடத்தின் கதை வேறு. 12ஆம் நூற்றாண்டில் இளஞ்சிவப்புப் பளிங்கில் கட்டிய கிளாய்ஸ்டர், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் துண்டுதுண்டாகச் சிதறியது. அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் கிரே பார்னார்ட் 1900களில் தூண்தலைகளைத் தேடித்தேடி வாங்கினார். 1938இல் திறந்த நியூயார்க்கின் ‘தி கிளாய்ஸ்டர்ஸ்’ அருங்காட்சியகத்தில் அவை பாதிக்குச் சற்று கூடுதலான அளவில் மறுபடி எழுந்து நிற்கின்றன. மீதி குக்சாவிலேயே. எனவே நியூயார்க்கில் பார்க்கும் சதுரத்தின் அளவை வைத்து மூல மடத்தைக் கணிக்கக் கூடாது.

புதியவர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று. ஏறக்குறைய எல்லா மடத்திலும் இரகசியச் சுரங்கம் ஒன்று உண்டு என்று ஊரார் சொல்வார்கள். காட்டச் சொன்னால் நல்ல கல்வேலைப்பாடுள்ள ஒரு பாதையைக் காட்டுவார்கள். குனிந்து நடக்கும் அளவுக்கு உயரமாகவும் இருக்கும். அதன் சரிவையும் அது போய்ச் சேரும் இடத்தையும் பாருங்கள். படுக்கைக்கூடத்தின் கோடியிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கினால் அது கழிப்பறை வடிகால்.

தனிமையில் வாழும் துறவிகளின் சபையான கார்த்தூசியன் மடத்தில் இந்த விதிகளில் பாதி செல்லாது. 1398இல் தொடங்கிய மவுண்ட் கிரேஸ், ஃபவுண்டன்ஸ் இருக்கும் அதே யார்க்‌ஷயரில்தான் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு துறவிக்கும் தோட்டத்துடன் தனி வீடு. பெரிய முற்றத்தைச் சுற்றிப் படுக்கைக்கூடமோ கிடங்கோ கிடையாது, வீட்டு வாசல்கள்தான் வரிசையாக. ஒவ்வொரு வாசலருகிலும் சுவரில் ஒரு சிறு திறப்பு. கையை உள்ளே விட்டுப் பாருங்கள், பாதியில் செங்கோணமாகத் திரும்பும். சாப்பாடு வைப்பவர் முகமும் எடுப்பவர் முகமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.